எட்டுப் புள்ளி – 11: ரூடியின் வலது கை

போன வாரம் லியோனா பென்னரை எங்கே விட்டோமோ அங்கேயேதான் இருக்கிறாள். சமையலறை மேசை, ஆறிப்போன காபி, பாதி எழுதிப் பாதி அடித்த பேச்சு. பொழுது மட்டும் விடிந்து ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. மாலை ஐந்து மணிக்குத் தேர்தல். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்குமாகச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். வெளியே மார்ச் மாதத்துப் பனி அழுக்காகிக் கிடக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. லியோனா சக்கர நாற்காலி ரக்பி ஆடுகிறவள். பதினெட்டு வயதில் ஏரியில் தலைகீழாகக் குதித்துக் கழுத்து முறிந்தவள். கால் இரண்டும் போயின, கைகளில் பாதி பலம் மிச்சம். இன்று மேற்குச் சமவெளி ரக்பி சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். எதிரே நிற்பவர் வெண்டல் க்ரோவ். பல வருடமாகத் தலைவர், பழைய ஆட்டக்காரர், ஊருக்கே நல்லவர். கனடாவின் இந்த வின்னிபெக்கில் அவரை எதிர்ப்பதும் குளிரை எதிர்ப்பதும் ஒன்றுதான் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

லியோனா கேட்பது ஒரே விஷயம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு புள்ளி உண்டு. பலம் மிகக் குறைந்தவருக்கு அரைப் புள்ளி, அதிகம் உள்ளவருக்கு மூன்றரை. களத்தில் இறங்கும் நான்கு பேரின் கூட்டல் எட்டைத் தாண்டக்கூடாது. கையைப் பிடித்துப் பார்த்துப் புள்ளி சொல்வது இத்தனை நாளும் வெண்டல்தான். நண்பரே நண்பரை அளந்தால் அளவு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? வெளியாட்கள் வந்து அளக்கட்டும், எல்லோரையும் புதிதாக அளக்கட்டும் என்கிறாள் லியோனா. அவளை முன்மொழிந்த கோரியை நினைவிருக்கும். தோள் தேறிவிட்டது என்று தானே போய்ச் சொல்லி, புள்ளி ஏறி, அணியில் இடத்தை இழந்தவன். உண்மை பேசியதற்குப் பரிசாக அவன் இப்போது ஸ்கோர் பலகை பார்த்துக்கொள்கிறான்.

"இன்னும் முடிக்கலையா நீ?" என்று உள்ளே வந்தான் ரூடி.

ரூடி அவள் கணவன். இருபது வயதில் பனி வண்டியோடு கவிழ்ந்தவன். அதே அணியில் ஒரு புள்ளி ஆட்டக்காரன். முதன்முதலாகச் சந்தித்த அன்றே களத்தில் லியோனாவை நாற்காலியோடு குப்புறத் தள்ளியவன். அதை அவள் மறக்கவில்லை, கல்யாணம் மட்டும் செய்துகொண்டாள்.

"முடிவு வரமாட்டேங்குது. 'எங்க வீட்டுல மறைக்க எதுவும் இல்ல'ன்னு ஃப்ரீடா எழுதிக் குடுத்திருக்கா. அதுக்கு எல்லாரும் சக்கரத்தைத் தட்டுவாங்களாம்."

"தட்டுவாங்க, தட்டுவாங்க. பசிக்குது. தொத்திறைச்சி இருக்கு. ஊறுகா எங்க?"

"அலமாரில. புது ஜாடி. ஃப்ரீடா வந்து தொறப்பா, வை."

அந்த வீட்டில் ஜாடி திறப்பது ரூடியின் அக்கா ஃப்ரீடாவின் வேலை. புருஷன் பெண்டாட்டி இருவர் கைக்கும் மூடி மசியாது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ஃப்ரீடா வருவாள், வாரம் முழுவதும் காத்திருந்த ஜாடிகளையெல்லாம் வரிசையாகத் திறந்துவைத்துவிட்டுப் போவாள்.

'டப்' என்று சத்தம் கேட்டது.

லியோனா திரும்பினாள். ஜாடி ரூடியின் மடியில் திறந்திருந்தது. மூடி அவன் வலது கையில் இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி மடங்கியிருந்தன.

"ஏற்கனவே லூசா இருந்துச்சு" என்றான் ரூடி.

"நேத்துதான் கடையில வாங்கினது."

அவன் மூடியை மேசைமேல் வைத்தான். வைத்த விதத்திலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று. இத்தனை வருடமும் எதையும் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கி எடுத்தவன், அதை விரலால் வைத்தான்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கேக் வெட்டியிருப்பார்கள். போன வருடம் ரூடிக்குக் கையில் நரம்பை மாற்றித் தைத்தபோது, பலன் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். வந்துவிட்டது. ஆனால் லியோனா நாற்காலியை உருட்டி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எப்பலேர்ந்து ரூடி?"

"பிப்ரவரி. முதல்ல கட்டவிரல். அப்புறம் இந்த ரெண்டும்."

"வெண்டல்கிட்ட சொன்னியா?"

"அவர் ஜனவரில பாத்தாரு. அப்ப அசையல. நான் ஒண்ணும் பொய் சொல்லலையே."

"ஜனவரில சொல்லல சரி. இப்ப?"

"ஏப்ரல்ல தேசிய அணிக்கு கேம்ப். பதினேழு வருஷமா ஆடுறேன், இப்பதான் கூப்பிட்டிருக்காங்க. ஒரு புள்ளி ஆளுன்னு கூப்பிட்டிருக்காங்க. ஒண்ணரைன்னு போய் நின்னா வாசல்லயே அனுப்பிருவாங்க."

"இன்னிக்கு ஆட்டம் இருக்கு. அதையாவது யோசிச்சியா? நீ ஒண்ணு, நான் ரெண்டு, பெட்ரோ ரெண்டு, டைலர் மூணு. எட்டு. உனக்கு அரை ஏறினா எட்டரை. நாம ஏமாத்துறோம்டா."

"மெதுவா பேசு."

"யாரு கேக்கப்போறா?"

அப்போதுதான் பின்கதவு திறந்து, காலணியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே ஃப்ரீடா வந்தாள். கையில் ரொட்டிக் கூடை. திறந்திருந்த ஜாடியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்றாள் லியோனா.

"எனக்கு எதுவுமே தெரியாது" என்றாள் ஃப்ரீடா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூக்கு சிவந்துவிடும்.

"ஃப்ரீடா!"

"சரி, தெரியும். கடவுள் குடுத்ததை வேணாம்னா சொல்லமுடியும்? இங்க பாரு, ஓட்டு எண்ணிட்டேன். நாலு கிளப் நமக்கு, நாலு அவருக்கு, நம்ம கிளப் ஓட்டு ரூடி கையில. நீ ஜெயிச்சாச்சு. அஞ்சு மணி வரைக்கும் இவன் அந்த விரலை மடக்காம இருந்தாப் போதும். நாளைக்கு நீயே தலைவி, நீயே கூப்பிட்டு அளந்துக்கோ."

"ஆமா, நல்ல தலைவி."

யாரும் சாப்பிடவில்லை. ரூடி மட்டும் ஒரு வெள்ளரிக்காயை முள்கரண்டியால் எடுத்தான். லியோனா பார்ப்பதைக் கண்டதும் கீழே வைத்துவிட்டான்.

* * *

உள்ளரங்கில் ஒரு மணிக்கு ஆட்டம். நாற்காலிகள் மோதும் சத்தம் தகர டப்பாக்களை மாடியிலிருந்து கொட்டியதுபோல வாசல்வரை கேட்டது.

ஒரு புள்ளி ஆட்டக்காரனுக்குப் பந்தோடு அதிக வேலையில்லை. அவன் நாற்காலியின் முன்னால் கொக்கிமாதிரி நீளும் கம்பி இருக்கும், அதை எதிராளியின் சக்கரத்தில் மாட்டி நகரவிடாமல் செய்யவேண்டும். ரூடி இதில் மன்னன். இன்றும் இரண்டு பேரை மூலையில் அடைத்துவைத்திருந்தான்.

கடைசி நிமிடங்கள். சம நிலை. பெட்ரோ மாட்டிக்கொண்டு, யாரிடம் என்று பாராமலே பந்தைத் தூக்கிப் போட்டான். அது ரூடியின் தலைக்குமேல் போயிற்று.

வழக்கமாக ரூடி என்ன செய்வான்? இரண்டு கையாலும் அணைத்து மடியில் சரித்துக்கொள்வான். அதுதான் எல்லோருக்கும் பழக்கம். இன்று வலது கை தானாக எழுந்தது. ஒற்றைக் கையால் பந்தைப் பற்றி, களத்தின் அந்தக் கோடியிலிருந்த டைலருக்கு அப்படியே வீசினான். டைலர் கோட்டைத் தாண்டினான்.

வேடிக்கை பார்க்க வந்த சிலர் கைதட்டினார்கள். இந்த ஆட்டத்தில் ஊறியவர்கள் யாரும் தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் கோரி எண்ணை மாற்ற மறந்து உட்கார்ந்திருந்தான். நன்றாக ஆடித் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்ட ஆளை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்கள் ஜெயித்தார்கள். லியோனா கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது வெண்டல் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். சிரித்த முகம். மடியில் இரண்டு காபி.

"நல்ல ஆட்டம்மா."

"நன்றி, வெண்டல்."

"அந்தக் கடைசி வீச்சு இருக்கே, பிரமாதம். நான் பாக்கல."

லியோனா நிமிர்ந்தாள்.

"எனக்கு வயசாச்சு, கண்ணு சரியா தெரியல" என்றார் அவர். "ஜனவரில நானே அவன் கையைப் பிடிச்சுப் பாத்தேன். காபி குடிச்சுக்கிட்டே பாத்தேன்னு நீ பேச்சுல சொல்லப்போற, அதுவும் தெரியும். பரவால்ல. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. வெளியாட்கள் அளக்கணுங்கற அந்தப் பகுதியை எடுத்துடு. நான் விலகிக்கிறேன். போட்டியே இல்லாம நீ தலைவி. ரூடி ஏப்ரல்ல கேம்ப் போறான். யாருக்கு நஷ்டம்?"

"கோரிக்கு?"

"கோரி அவசரப்பட்டுட்டான்மா" என்றார் வெண்டல். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் அவரிடம் கஷ்டம். கெட்டவராக இருந்தால் லியோனாவுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

"யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

* * *

வேனுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி. ஃப்ரீடா இருவரையும் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, "நான் இங்கயே நிக்கறேன், எனக்கு ஒண்ணும் கேக்காது" என்று வெளியே குளிரில் நின்றாள்.

வெண்டல் சொன்னதை லியோனா சொன்னாள். ரூடி முழுதும் கேட்டுக்கொண்டான்.

"நல்லதுதானே. எடுத்துக்கோ."

"ரூடி!"

"என்ன ரூடி? நீ ஆசைப்பட்டது கிடைக்குது. நான் ஆசைப்பட்டதும் கிடைக்குது. அவர் குடுக்கறாரு, வாங்கிக்க வேண்டியதுதானே."

"நீயே போய் சொல்லிடு. கூட்டத்துக்கு முன்னாடி சொல்லிடு. உன்னை யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

"நினைக்கமாட்டாங்க. ஸ்கோர் பலகை குடுப்பாங்க."

ரூடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கட்டவிரல் முதல்ல அசைஞ்சப்போ நான் கராஜ்ல இருந்தேன்" என்றான். "அழுதுட்டேன். உன்கிட்ட ஓடி வந்து காட்டணும்னு இருந்துச்சு. நீ உள்ள யார்கூடவோ போன்ல, புள்ளி திருட்டு, புள்ளி திருட்டுன்னு கத்திக்கிட்டிருந்த. அப்படியே நின்னுட்டேன். இன்னிக்குக் காலைல பாத்தியே, உன் மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? பேயைப் பாத்த மாதிரி. என் பொண்டாட்டிக்கு என் கை அசையறது பிடிக்கல."

"அப்படி இல்லடா."

"பின்ன எப்படி?"

அவன் சொன்னது நிஜம். காலையிலிருந்து அவள் மனதில் எட்டரை, எட்டரை என்று ஓடியதே தவிர, இவன் இனி தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வான் என்று ஒரு தடவைகூட ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, கேளு" என்றாள். "உன் கை உன்னோடது. நான் அதைப் பத்தி மேடையில வாயத் தொறக்கமாட்டேன். யாரு கேட்டாலும் உன் பேரைச் சொல்லமாட்டேன். அந்தப் பகுதியையும் எடுக்கமாட்டேன். வெண்டலோட பேரம் எனக்கு வேணாம்."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"தெரியல."

ஃப்ரீடா கதவைத் தட்டினாள். "எனக்கு எதுவும் கேக்கல" என்று முதலில் சொல்லிவிட்டு, "ஆனா ரெண்டு பேரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வாங்க, கூப்பிடறாங்க" என்றாள்.

* * *

கூட்டம் அரங்கின் மாடி அறையில். லியோனா பேசினாள். நன்றாகவே ஆரம்பித்தாள். வெளியாட்கள் அளக்கவேண்டும் என்ற இடத்தில் குரலை உயர்த்தினாள். முன்வரிசையில் வெண்டல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பேரம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கடைசி வரிக்கு வந்தாள். எங்கள் வீட்டில் மறைக்க எதுவும் இல்லை. ஃப்ரீடா பின்வரிசையிலிருந்து தலையை ஆட்டி ஆட்டி எடுத்துக்கொடுத்தாள். லியோனா அதைப் படிக்கவில்லை. தாளை மடியில் கவிழ்த்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றாள்.

ஒன்றிரண்டு பேர் சக்கரத்தைத் தட்டினார்கள். அந்தச் சங்கத்தில் கைதட்டல் என்றால் அதுதான்.

"ஒரு கேள்வி" என்றான் கோரி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"லியோனா, உன்னை முன்மொழிஞ்சவன் நான். அதனால நானே கேக்கறேன். உன் டீம்ல, திரும்ப அளக்கவேண்டிய ஆள் யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். தெரியாது என்றுகூடச் சொல்லலாம். ரூடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது.

"இருக்காங்க" என்றாள் லியோனா.

கோரி நாற்காலியை முன்னால் உருட்டினான்.

"யாரு?"

"அதை நான் சொல்லமாட்டேன். அவங்க உடம்பு, அவங்க சொல்லணும். ஆனா எனக்கு இன்னிக்குக் காலைலயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மத்தியானம் ஆடினேன், ஜெயிச்சேன். அந்த வெற்றி எங்களுக்குச் சேராது, திருப்பிக் குடுத்துடறோம். கோரி, உன் மூஞ்சிய நேரா பாக்க எனக்கு வெட்கமா இருக்கு. இதையும் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடுங்க. போடலைன்னா எனக்குக் கோவம் இல்ல."

ஃப்ரீடா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தச் சங்கத்தில் சீட்டு எழுதிப் போடும் வழக்கம் கிடையாது. பாதிப் பேருக்குப் பேனா பிடிக்க வராது. கிளப்புக்கு ஒருவர் முழங்கையை மடக்கிக் கையைத் தூக்கினால் ஓட்டு. விரல் தொங்கினாலும், மணிக்கட்டு சரிந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். தூக்கவே முடியாதவர்கள் சக்கரத்தைத் தட்டுவார்கள்.

"வெண்டலுக்கு" என்றாள் செயலாளர் அம்மாள். நான்கு கிளப்.

"லியோனாவுக்கு."

தன் கிளப்பின் சார்பில் கோரியின் கைதான் முதலில் எழுந்தது. அவன் யோசிக்கக்கூட இல்லை. பிறகு இன்னொன்று, இன்னொன்று. நான்கில் நின்றது.

"பென்னர், உங்க கிளப் பாக்கி."

ரூடி மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கேட்டாலும் உன் பேரைச் சொல்லமாட்டேன் என்றாள், சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் தன் பெயரைத்தான் கெடுத்துக்கொண்டாள்.

அவன் வலது கையைத் தூக்கினான். எல்லோரும் தூக்குவதுபோல முழங்கை மடங்கியிருந்தது. பிறகு விரல்களை விரித்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு கட்டைவிரல், அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று மெல்ல மடக்கி, முஷ்டியாக்கி நிறுத்தினான்.

"லியோனாவுக்கு" என்றான். "அந்த ஆள் நான்தான்."

கோரிதான் முதலில் தட்டினான். அப்புறம் அறை முழுக்கச் சக்கரங்கள் அதிர்ந்தன. வெண்டலுக்கு ஓட்டுப் போட்டவர்கள்கூடத் தட்டினார்கள். ஃப்ரீடா எழுந்து நின்று மூக்கை உறிஞ்சினாள்.

வெண்டல் மட்டும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஒரு சின்ன விஷயம், செயலாளரே" என்றார். குரலில் கோபமே இல்லை. "கிளப் சார்பா ஓட்டுப் போடற வீரர் சரியான புள்ளியில பதிவாகியிருக்கணும்னு நம்ம விதியிலேயே இருக்கு. ரூடி இப்பக் காட்டினது ஒரு புள்ளிக் கை இல்ல. தப்பா அளந்தவன் நான், நானே சொல்றேன். அப்ப அந்த ஓட்டு செல்லுமா?"

செயலாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "விதியில சந்தேகம் வந்தா, தலைவர்தான் முடிவு சொல்லணும்" என்றாள்.

"சரி. இப்ப தலைவர் யாரு?" என்றார் வெண்டல்.

அறை இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது. நாலுக்கு அஞ்சு என்றான் ஒருவன். நாலுக்கு நாலு என்றான் இன்னொருவன். ஃப்ரீடா யாரோ ஒருவரின் நாற்காலியை வழிமறித்து விரலை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

லியோனா அந்தக் கூச்சலுக்கு நடுவே நாற்காலியை உருட்டிக்கொண்டு நேராகக் கணவனிடம் போனாள். அவன் கையை இன்னும் இறக்கவில்லை. இறக்க மறந்துவிட்டான்போலும்.

"கேம்ப் போச்சு" என்றான்.

"ஆமா."

"உன் பதவியும் போனாலும் போகும்."

"போகட்டும். கையைக் காட்டு." அவன் முஷ்டியைப் பிரித்துத் தன் விரல்களை உள்ளே வைத்தாள். "இப்ப மூடு."

அவன் தயங்கித் தயங்கி மூடினான். அவள் விரல்களில் உணர்ச்சி பாதிதான். அந்தப் பாதிக்கே வலித்தது.

"இன்னும் அழுத்து" என்றாள் லியோனா.